உலகம் முடிந்த பிறகு ஒரு மாடி

சேலத்தில் பிளான் பிரிண்ட் போடும் கடை வைத்திருக்கிறேன். இன்ஜினியர்கள் பென் டிரைவோடு வருவார்கள், பெரிய தாளில் வீட்டுப் படத்தைச் சுருட்டிக்கொண்டு போவார்கள். இத்தனை வருடத்தில் என் மெஷின் துப்பிய பிளான்களை ஒன்றோடொன்று ஒட்டினால் ஊருக்கே பந்தல் போடலாம். அதனால் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. பிளானைப் பார்த்தே போட்ட ஆள் எப்படிப்பட்டவர் என்று சொல்லிவிடுவேன். சமையலறையை இருட்டு மூலையில் திணித்திருந்தால், அந்த ஆள் தன் வீட்டில் ஒரு டம்ளர் கூடக் கழுவியதில்லை என்று அர்த்தம். பெரும்பாலானவர்கள் அப்படித்தான் போடுகிறார்கள். நானும் வாயை மூடிக்கொண்டு பிரிண்ட் எடுத்துக் கொடுக்கிறேன்.

இர்பானாவின் முதல் பிளான் வந்த அன்றுதான் நான் மெஷினை நிறுத்திவிட்டுத் தாளைப் பார்த்தேன். பின்கட்டில் துவைக்கிற கல்லுக்கு இடம் விட்டிருந்தாள். மொட்டை மாடியில் துணி காயப்போடும் கயிற்றைக் கூட மெல்லிய கோடாகப் போட்டிருந்தாள். "கயிறெல்லாம் பிளான்ல போடுவாங்களாம்மா?" என்று கேட்டேன். "போடலைன்னா அப்புறம் வீட்டுக்காரங்க சுவத்துல ஆணி அடிப்பாங்கண்ணா" என்றாள். அன்றிலிருந்து அவளுடைய பிளானுக்கு மட்டும் நான் வரிசையை மீறி முன்னால் பிரிண்ட் போட்டுக் கொடுப்பேன். மற்ற இன்ஜினியர்கள் முறைப்பார்கள். முறைக்கட்டும்.

அவளுடைய அத்தா நசுருல்லா பாய்க்குச் செவ்வாய்ப்பேட்டையில் கம்பி, சிமெண்ட் கடை. வீடு கோட்டைப் பக்கம். கீழ்த்தளம் மட்டும் கட்டி, மேலே பில்லர் கம்பிகளை நீட்டி விட்ட வீடு. நம் பக்கத்தில் தெருவுக்குப் பாதி வீடு அப்படித்தான் நிற்கிறது. பிறகு மாடி எடுக்கலாம், பையனுக்குக் கல்யாணம் ஆகட்டும், கையில் நாலு காசு சேரட்டும் என்று கம்பியை வெட்டாமல் விட்டுவிடுவார்கள். பாய் வீட்டுக் கம்பி, மகன் அத்னானுக்காக விட்டது. அத்னான் மஸ்கட்டுக்குப் போனான், அங்கேயே வேலை, அங்கேயே வீடு, பெண்டாட்டி பிள்ளைகள். வெள்ளிக்கிழமை தவறாமல் போன் பண்ணுவான். திரும்பி வரப்போவதில்லை என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும், பாய் ஒருவரைத் தவிர. ஒவ்வொரு வருடமும் நோன்பு வருவதற்கு முன்னால் வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது, அவர் தானே மேலே ஏறி, துருப்பிடிக்காமல் இருக்கக் கம்பிகளுக்குச் சிமெண்ட் பால் பூசிவிட்டு இறங்குவார். அந்த ஒரு வேலையை மட்டும் ஆளிடம் விடமாட்டார்.

இர்பானா ஆர்க்கிடெக்ட் படிப்பை முடித்து வந்து, சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து வேலை பார்த்தாள். சோறு போடும் நேரத்துக்குத் தாள்களைச் சுருட்டி வைக்க வேண்டும். வீடு கட்ட ஆலோசனை கேட்டு வருகிறவர்கள் அவளுடைய அம்மா அக்தர் பானு வெங்காயம் உரிக்கும் இடத்தைத் தாண்டித்தான் உட்கார வேண்டும். வந்தவர்களில் பாதிப் பேர், "சின்னப் பொண்ணு, ஊட்டுலயே சும்மா பண்ணுது போல" என்று நினைத்துக்கொண்டு வேறு ஆளிடம் போனார்கள். மேலே ஒரு மாடி எடுத்துக் கொடுங்கள், ஆபீஸ் வைத்துக்கொள்கிறேன் என்று அத்தாவிடம் கேட்டாள். "அது அத்னானோடது" என்றார் பாய். அடுத்த வருடம் கேட்டாள். அதே பதில். அவளுக்கு வேண்டியது அந்த மாடி ஒன்றுதான். நகையோ புடவையோ கேட்டிருந்தால் மறுநாளே வாங்கிக் கொடுத்திருப்பார் மனிதர். எனக்கு அவர் மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் பாய் என் கடைக்கு முப்பது வருட வாடிக்கை, நான் என்ன சொல்ல முடியும்?

இந்த நேரத்தில்தான் சென்னையிலிருந்து ரங்கன் என்று ஒரு டைரக்டர் வந்தார். உலகம் முடிந்த பிறகு என்ன நடக்கிறது என்று ஒரு வெப் சீரிஸ் எடுக்கிறாராம். மழை நின்று, ஆறு வற்றி, தண்ணீர் இல்லாமல் ஊர் ஊராகக் காலியாகிவிட்டது. மிஞ்சிய சிலர் நடந்துகொண்டே இருக்கிறார்கள். அதுதான் கதை. சேலம், நாமக்கல் பக்கத்து வெயிலும் பொட்டல் காடும் அவருக்குப் பிடித்துப்போயிற்று. இடம் பார்த்துக் கொடுக்கவும் கட்டடங்களைப் பாழாக்கிக் காட்டவும் உள்ளூரில் ஒரு ஆர்க்கிடெக்ட் வேண்டும் என்று யார் யாரையோ கேட்டு, கடைசியில் இர்பானாவிடம் வந்தார்.

அவள் அந்த வேலைக்காக உலகம் அழிகிற படங்களாகப் பார்த்துத் தள்ளினாள். கடைக்கு வந்தால் அதே பேச்சுதான். "அண்ணா, அந்தப் படத்துலயெல்லாம் என்ன நடந்துச்சுன்னு ஆளுங்க சொல்றதே இல்ல. கட்டடம்தான் சொல்லுது. பாதி உடைஞ்ச படிக்கட்டு, கொடி ஏறின ஜன்னல், தண்ணி புகுந்து பச்சையா கெடக்கற ஆபீஸ். மனுசங்க சும்மா குறுக்க நடக்கறாங்க, அவ்வளவுதான்."

"அப்ப உனக்கு நல்லதாப் போச்சு. ஒரு பில்டிங்க உடைச்சுக் குடுத்தா வேலை முடிஞ்சுது" என்றேன்.

"அதான் இல்லைங்கறேன். அங்க எல்லாம் அம்பது மாடி சாஞ்சு கெடந்தாத்தான் உலகம் முடிஞ்சுதுன்னு நம்பறாங்க. நம்ம ஊருல அம்பது மாடி எங்க இருக்குது? நம்ம உலகம் முடிஞ்சா என்ன மிஞ்சும்?"

அவளே பதிலும் சொன்னாள். கோழிப் பண்ணைக் கொட்டகைகள் மிஞ்சும், கோழி இல்லாமல். மேல்நிலைத் தொட்டி மிஞ்சும், பெயர் எழுதிய வளைவோடு கல்யாண மண்டபம் மிஞ்சும், போர் போடும் ரிக் வண்டி நிறுத்தும் ஷெட் மிஞ்சும். நான் மெஷினுக்கு மை ஊற்றிக்கொண்டே கேட்டேன். அவள் சொல்லச் சொல்ல எனக்கு நாமக்கல் ரோடே ஆள் நடமாட்டம் இல்லாமல் கண்ணுக்குத் தெரிந்தது. மை கையில் ஊற்றிக்கொண்டேன்.

ரங்கனைக் கூட்டிக்கொண்டு அவள் மாவட்டம் முழுக்கச் சுற்றினாள். ரங்கனோ சாய்ந்த கோபுரம் ஒன்று கிடைக்குமா என்றே கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் மல்லசமுத்திரம் தாண்டி, மூடிக் கிடந்த ஒரு சேகோ ஆலைக்குள் வண்டியை விட்டாள். ஜவ்வரிசி காயப்போடும் சிமெண்ட் களம், கண்ணுக்கு எட்டிய வரை வெள்ளையாக வெறுமையாகக் கிடந்தது. தூரத்தில் ஒரு புகைபோக்கி. களத்தின் ஓரத்தில், மேனேஜருக்காகக் கட்டிய சின்னக் கான்கிரீட் வீடு ஒன்று. அதன் தலையிலும் கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்தன.

ரங்கனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "சூப்பர், ஏற்கெனவே இடிஞ்சிருக்கு" என்றார்.

"இடியல சார். இது கட்டி முடிக்காத வீடு" என்றாள் இர்பானா. "வெளியூர்க்காரங்க இந்தக் கம்பியப் பாத்தா மேல் மாடி விழுந்துருச்சுன்னு நெனப்பாங்க. நம்ம ஜனங்க பாத்தா, இந்த வீட்டுல யாரோ யாருக்காகவோ காத்திருந்தாங்கன்னு நெனப்பாங்க. நீங்க எந்தப் படம் எடுக்கறீங்க?"

ரங்கன் அந்த வீட்டின் மேலே ஏறி ஒரு கம்பியை ஆட்டிப் பார்த்தாராம். பிறகு கதையின் கடைசிக் காட்சியை அங்கே வைத்துக்கொள்ளலாம் என்றார். ஊர் ஊராக நடந்து வரும் பெண் ஒருத்தி அந்த வீட்டின் மேலே ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு, இனி நடக்கப்போவதில்லை, இங்கேயே இருக்கிறேன் என்று ஒரு பக்கத்துக்கு வசனம் பேசுவாள். அதோடு சீரிஸ் முடியும். இதையெல்லாம் இர்பானா என் கடையில் வந்து சொல்லும்போது பூரித்துப்போயிருந்தாள். இந்த வேலை நன்றாக வந்தால் அத்தா மனசு மாறும், தன்னையும் ஒரு ஆர்க்கிடெக்ட் என்று நினைப்பார் என்பது அவள் கணக்கு. வாய் விட்டுச் சொல்லவில்லை. எனக்குத் தெரியாதா?

வேலை ஆரம்பித்தது. ஆலை முதலாளி சின்னண்ணன் களத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தார், யாரும் கேட்காமலே. தங்கசாமி மேஸ்திரியும் பெருமாயி என்கிற சித்தாளும் உள்ளூரிலிருந்து வந்தார்கள். பாழடைந்த வீடு என்றால் கண்ட இடத்தில் கரி பூசுவது இல்லை. மழைத் தண்ணீர் முன்பு எந்த வழியாக வடிந்திருக்கும், ஜன்னல் திண்டுக்குக் கீழே கறை எவ்வளவு நீளம் இறங்கியிருக்கும், எந்த இடுக்கில் அரசமரக்கன்று முளைத்துப் பிறகு காய்ந்திருக்கும் என்று இர்பானா ஒவ்வொன்றாக யோசித்துச் செய்தாள். நான் பழைய காலத்து விளம்பரப் பலகைகளைப் பிரிண்ட் எடுத்து, வெயிலில் வாட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

பெருமாயியோடுதான் பெரும்பாடு. சாயங்காலம் சருகையும் குப்பையையும் பார்த்துப் பார்த்துப் பரப்பிவிட்டுப் போவார்கள். காலையில் வந்தால் வாசல் பளிச்சென்று பெருக்கி, சாணித் தண்ணீர் தெளித்து, கோலம் போட்டிருக்கும்.

"ஏனக்கா, குப்பையக் கூட்டாதீங்கன்னு சொன்னனே?" என்று இர்பானா கெஞ்சுவாள்.

"நாலு பேரு வந்து போற எடம் சாமி, குப்பையா கெடந்தா ஆலைக்காரருக்குத்தான அவமானம்" என்பாள் பெருமாயி. அப்புறம் அவளே சருகைத் திரும்பக் கொட்டுவாள், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு.

களத்தைச் சுற்றி உடைந்த மதில் ஒன்று தேவைப்பட்டது. பாதியை உடைத்துக் காட்ட வேண்டும் என்பதால் ஹாலோ பிளாக் கூடுதலாகவே இறக்கச் சொன்னாள் இர்பானா. நசுருல்லா பாய் கடையிலிருந்துதான் சிமெண்ட்டும் கல்லும் போயின. ஆனால் தங்கசாமிக்கு முழுக் கல்லை உடைக்க மனசு வரவில்லை. குப்பை மேட்டில் கிடந்த ஓட்டை உடைசல்களைப் பொறுக்கி வந்து மதிலை முடித்துவிட்டார். அதுவும் நன்றாகத்தான் இருந்தது. நல்ல கற்கள் அத்தனையும் மிச்சமாகி நின்றன.

அதற்குப் பிறகு ரங்கன் குழு தம்மம்பட்டிப் பக்கம் மலையடிவாரக் காட்சிகளை எடுக்கப் போனது. இர்பானாவும் கூடப் போனாள். ஒரு வாரம் கழித்து, கடைசிக் காட்சிக்காகத் திரும்பி வந்தார்கள். கதாநாயகி இலக்கியா அந்த ஒரு நாள்தான் இருப்பாள், மறுநாள் வேறு படத்துக்கு ஹைதராபாத் போகிறாள். அன்று நானும் பாயும் அவருடைய வண்டியில் அங்கே போனோம். எனக்குக் கடைசியாக ஒரு பலகை கொடுக்க வேண்டியிருந்தது. பாய், மிச்சக் கல்லைத் திருப்பி எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லிக்கொண்டு வந்தார். மகள் என்னதான் செய்கிறாள் என்று பார்க்கும் ஆசை அவருக்கு. அதைச் சொன்னால் கௌரவம் குறைந்துவிடும் அல்லவா, அதனால் கல்.

நாங்கள் போய் இறங்கியபோது களத்தில் ஒரே கூச்சல். ரங்கன் வீட்டைக் காட்டிக் கத்திக்கொண்டிருந்தார். அண்ணாந்து பார்த்தேன். மொட்டை மாடியில், கம்பிகளுக்கு நடுவே, புத்தம் புதிய ஹாலோ பிளாக் சுவர் முழங்கால் உயரத்துக்கு எழும்பியிருந்தது.

"யார் கட்டினது இதை?"

தங்கசாமி பெருமையாக முன்னால் வந்தார். "நாந்தானுங்க. முழுக் கல்லு அத்தனையும் கீழ கெடந்துதுங்க. கலவையும் மிச்சம். எங்க வழக்கத்துல சைட்ட உட்டுப் போறப்ப முழுக் கல்லத் தரையில போட்டுட்டுப் போறதில்லைங்க. மேல கம்பி இருக்குது, கல்லு இருக்குது, ரெண்டு வரி ஏத்திட்டனுங்க. மட்டத்தப் பாருங்க, நூலு புடிச்சாப்புல இருக்குது."

"நானுந்தானுங்க சொன்னேன்" என்றார் நாற்காலியிலிருந்து சின்னண்ணன். "ஒரு நாளைக்கு மாடி எடுக்கத்தான வேணும், இப்பவே ஆரம்பம் ஆனாப்புல இருக்கட்டும்னு."

அவர்கள் பக்கம் தப்பே இல்லை. நம் ஊரில் எந்த மேஸ்திரியும் செய்கிற காரியம்தான். வீடு என்றால் மேலே போக வேண்டும். உலகம் முடிந்துபோன வீடு என்று எத்தனை தடவை சொன்னாலும், கம்பியும் கல்லும் கண்ணுக்கு முன்னால் இருக்கும்போது தங்கசாமிக்கு அது மண்டையில் ஏறவில்லை.

இடித்தால் சாம்பல் நிறத் தழும்பு பளிச்சென்று தெரியும். பூசி மறைக்கவும் காயவும் நேரமில்லை. இலக்கியா ஏற்கெனவே கிழிந்த உடுப்பில் தயாராக நின்றாள். ரங்கன் தலையில் கை வைத்துக்கொண்டு ஒரு முடிவுக்கு வந்தார். "இந்த வீடே வேண்டாம். புகைபோக்கிக்குக் கீழ எடுத்துக்கலாம். கேமராவ அங்க திருப்புங்க."

இர்பானா மாதக்கணக்கில் பார்த்துப் பார்த்துச் செய்த வீடு. ஒரு வார்த்தையில் இல்லை என்று ஆகிறது. பாயைத் திரும்பிப் பார்த்தேன். அவர் என் பக்கத்தில் இல்லை. வீட்டின் பக்கவாட்டுப் படியில் பாதி ஏறி நின்றிருந்தார்.

இர்பானா அவரைக் கவனிக்காமல், அவருக்கு முன்பே மாடிக்கு ஏறியிருந்தாள். அந்த இரண்டு வரிச் சுவரைச் சுற்றி வந்தாள். குனிந்து ஒரு கல்லைத் தொட்டுப் பார்த்தாள். அழப்போகிறாள் என்று நினைத்து நானும் பின்னாலேயே ஏறினேன், படியில் நின்ற பாயைத் தாண்டி. அவள் மேலிருந்து களத்துப் பக்கம் எட்டிப் பார்த்து, "சார், நீங்க ஒரு தடவ மேல வாங்க" என்றாள்.

ரங்கன் எரிச்சலோடு வந்தார். இலக்கியாவும் கூட ஏறி வந்தாள். பாய் படியிலேயே சுவரோடு ஒதுங்கி வழிவிட்டார். இர்பானா படிப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தாள். அத்தா அங்கே நிற்பது அவளுக்குத் தெரியாது.

"சார், இதுவரைக்கும் இது காத்திருந்த வீடு. பையன் வருவான்னு கம்பிய விட்டுட்டு உக்காந்திருந்த வீடு. ஊரே காலியாயிருச்சு. காத்திருந்தவங்களும் போயிட்டாங்க. அதுக்கப்புறம் யாரோ இந்த வழியா வந்து ரெண்டு வரி கல்லு வெச்சிருக்காங்க. யாருன்னு தெரியாது. அவங்களும் இப்ப இல்ல. ஆனா ஆரம்பிச்சு வெச்சிருக்காங்க. நடந்து நடந்து வர்ற பொண்ணு இங்க ஏறி இதப் பாத்தா என்ன பண்ணுவா?"

இலக்கியாதான் மெதுவாகச் சொன்னாள்: "மூணாவது வரி வைப்பா."

"அவ்வளவுதான் சார். இங்கேயே இருக்கேன்னு ஒரு பக்கத்துக்கு வசனம் பேச வேண்டாம். ஒரு கல்ல எடுத்து வெச்சாப் போதும்."

ரங்கன் சுவரைப் பார்த்தார், களத்தைப் பார்த்தார். "ஆனா அந்தக் கம்பி வேற ஒருத்தனுக்காக விட்டதாச்சே. யாரோ ஒரு பொண்ணு வந்து அதுல கட்டறது... பாக்கறவங்களுக்கு உறுத்தாதா? காத்திருந்தவங்களுக்குத் துரோகம் மாதிரி?"

இர்பானா துருப்பிடித்த கம்பி ஒன்றைக் கையால் பிடித்துக்கொண்டிருந்தாள். "காத்திருந்தவங்க கோவிச்சுக்க மாட்டாங்க சார். வர்றவனுக்கு ஒரு இடம் இருக்கணும்னுதான் அவங்க ஆசப்பட்டாங்க. அவன் வரல. வந்தது இவ. கூரை இல்லாம நின்னுட்டிருக்கா. அவங்க உயிரோட இருந்திருந்தா இவள வேண்டாம்னா சொல்லுவாங்க?"

அவள் குரல் ஒரு இடத்தில் உடைந்தது. படத்துக்காகப் பேசுகிறாள் என்று ரங்கனும் இலக்கியாவும் நினைத்திருப்பார்கள். நான் பாயைப் பார்க்கக் கூடாது என்று நினைத்தும் பார்த்துவிட்டேன். அவர் குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எடுக்கலாம்" என்றார் ரங்கன்.

அதற்குப் பிறகு இர்பானா வேலை செய்ததைப் பார்த்திருக்க வேண்டும். புதுச் சுவருக்கு வயசு ஏற்ற வேண்டும். டீத்தண்ணீரைக் கொதிக்க வைத்து ஊற்றினாள். ஆலைக்குள் மூலை முடுக்கெல்லாம் படிந்திருந்த கிழங்கு மாவுத் தூசியை வாரிக்கொண்டு வரச் சொன்னாள். பெருமாயி கூடை கூடையாகச் சுமந்து வந்து, "கூட்டறதுக்கும் நாந்தான், குப்ப போடறதுக்கும் நாந்தானா சாமி?" என்று சலித்துக்கொண்டே இரண்டு கையாலும் தூவினாள். அவளுக்கே அது பிடித்துப்போயிற்று, கடைசியில் போதும் போதும் என்று கூடையைப் பிடுங்க வேண்டியதாயிற்று. இர்பானா கீழ் வரியில் கொஞ்சம் அதிகமாகவும் மேல் வரியில் கொஞ்சம் குறைவாகவும் கறை ஏற்றினாள். இரண்டு வரியையும் ஒரே நாளில் வைத்திருக்க மாட்டார்களாம், கல்லைத் தேடி எடுத்து வரவே நாளாகியிருக்குமாம். எந்தப் பார்வையாளனும் கவனிக்கப்போகாத விஷயம். அவள் கவனித்தாள். நாங்கள் வந்து இறங்கியபோது இடித்துத் தள்ள வேண்டிய சுவராக இருந்தது, வெயில் தாழ்வதற்குள் அந்த வீட்டுக்கே அதுதான் உயிர் என்று ஆகிவிட்டது.

தங்கசாமி இலக்கியாவுக்குக் கரண்டி பிடிக்கச் சொல்லிக் கொடுத்தார். தண்ணீர் இல்லாத உலகத்தில் கலவைக்கு ஏது தண்ணீர் என்று ரங்கன் கேட்டதும், அவள் தன் குடுவையில் மிஞ்சிய ஒரு வாய்த் தண்ணீரை மண்ணில் ஊற்றிப் பிசையட்டும் என்று இர்பானா சொன்னாள். அப்படியே எடுத்தார்கள். இலக்கியா படியேறி வந்தாள். சுவரைப் பார்த்தாள். வெகுநேரம் நின்றாள். குடுவையைக் குலுக்கிப் பார்த்துவிட்டு, குடிக்காமல் மண்ணில் ஊற்றினாள். ஒரு கல்லைத் தூக்கி மூன்றாவது வரியில் வைத்து, உள்ளங்கையால் தட்டினாள். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது, அதை மறைக்கவும் இல்லை. சின்னண்ணன் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டார்.

மிச்சக் கல்லை ஏற்றாமலே நாங்கள் கிளம்பினோம். பாய் அதைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. ஆட்டையாம்பட்டியில் வண்டியை நிறுத்தி, டீ வாங்கி, ஒரு பொட்டலம் கைமுறுக்கும் வாங்கினார். முறுக்கைப் பிரிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

"காளிதாஸ், நம்ம ஊட்டு மேல இருக்கறது என்ன கம்பி தெரியுமா?"

"தெரியும் பாய். நீங்க எத்தன தடவ சொல்லிருக்கீங்க."

"நல்ல கம்பி. ஒரு பொட்டுத் துரு ஏற விட்டதில்ல நான்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் பாய் வீட்டிலிருந்து போன், உடனே வரச் சொல்லி. என்னவோ ஏதோ என்று போனேன். வாசலில் அக்தர் பானு ஈரத்துணி வாளியோடு நின்றிருந்தார். "நீங்களாவது கேளுங்க தம்பி. காலங்காத்தாலயே கயித்த அவுத்து எறிஞ்சுட்டாரு. நான் துணிய எங்க காயப்போடறது?" என்றார். அந்த வீட்டில் துணிக் கயிறு கட்டியிருந்ததே அத்னானுடைய கம்பிகளில்தான்.

பின்கட்டுப் படியில் மேலே போனேன். பாய் பனியனும் கைலியுமாகக் குந்தி உட்கார்ந்து, கம்பி பிரஷ்ஷால் ஒரு கம்பியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். வருடா வருடம் பூசிய சிமெண்ட் பால் பட்டை பட்டையாகப் பெயர்ந்து விழுந்தது. கட்டப்போகிற கம்பியில் மட்டும்தான் அதைச் சுரண்டுவார்கள், இல்லையென்றால் கலவை பிடிக்காது. அது எனக்கும் தெரியும், கம்பிக்கடைக்காரர் மகளுக்கும் தெரியும். அவள் படி முகப்பில் அசையாமல் நின்றிருந்தாள்.

"அத்னான்கிட்டப் பேசிட்டேன்" என்றார் பாய், தலையைத் தூக்காமலே. யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை, அதனால் நான்தான் கேட்டேன்.

"என்ன சொன்னாப்ல?"

"'இத எப்பவோ பாப்பாவுக்குக் குடுத்திருக்கலாமே அத்தா'ங்கறான். அவன் வர்றதா எனக்குச் சொல்லவே இல்லியாம். நாந்தான் நெனச்சுக்கிட்டிருந்தனாம்."

இரண்டு மூன்று இழுப்பு தேய்த்தார். பிறகு பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு, முதல் முறையாக மகளைப் பார்த்துக் கட்டட விஷயம் கேட்டார். "படி எந்தப் பக்கம் வரணும்?"

இர்பானா கையை நீட்டித் தெருவைக் காட்டினாள். "வெளிய, தெருப் பக்கம் அத்தா. ஆபீசுக்கு வர்றவங்க நேரா மேல வந்துருவாங்க."

"சரி. உள்ள இருந்தும் ஒண்ணு வை" என்றார் பாய். "மத்தியானம் சோத்துக்கு நீ இறங்கி வரணுமில்ல."

அவள் வந்து அவர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, கீழே கிடந்த பிரஷ்ஷை எடுத்து, அடுத்த கம்பியைத் தேய்க்க ஆரம்பித்தாள்.